மிராசு வூட்டு விராலும் ஒரு தோல் வாஷரும்

காசம்மாளுக்குக் கழுத்து நரம்பு ஒன்று மூணு மாசமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் திரும்பினால் வலிக்கும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. நடவு நட்ட இடுப்பு வலி அவளுக்குத் தெரியும், படுத்து எழுந்தால் பாதி போய்விடும். கரும்புக் கட்டு தூக்கின தோள் வலியும் தெரியும், அது ஆலை மூடினதும் போய்விடும். இது தண்ணி தூக்கின வலி. ஏரி மதகிலிருந்து காலனிக்கு முக்கால் மைல். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், நாளைக்கு ஆறு நடை. இந்த வலிக்கு லீவு கிடையாது.

காலனியில் நாற்பத்திரண்டு வூடு, ஒரே ஒரு கைபம்பு. மாசி மாசம் அதற்குள் இருந்த தோல் வாஷர் தேய்ந்துபோனது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் வட்டம், கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும், அவ்வளவுதான் சாமான். அது போனதிலிருந்து பம்பை அடித்தால் கிழட்டு நாய் இருமுகிற மாதிரி சத்தம் வந்தது. தண்ணி வரவில்லை.

"டவுனுக்குப் போயி நாமளே வாங்கியாந்து போட்டுட்டா இன்னாக்கா?" என்று பக்கத்து வூட்டு சின்னபொண்ணு கேட்டாள்.

"மேலக் காலனிக்காரங்க போட்டாங்களே, இன்னாச்சி?"

மேலக் காலனிக்காரர்கள் போட்டார்கள். தண்ணி வந்தது. மறுவாரம் ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, சர்க்கார் பம்பில் கைவைத்தது குற்றம் என்று கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து அந்தப் பம்பு ஆடு கட்டத்தான் ஆகிறது.

அதனால் காசம்மாள் மனு கொடுத்தாள். முதல் தடவை போனபோது மனுவில் ஸ்டாம்பு இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை ஸ்டாம்பு இருந்தது, கமிஷனர் இல்லை. மூன்றாம் தடவை கமிஷனர் இருந்தார், மனு இல்லை. நாலாம் தடவை அவள் போனது எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. மடுவப்பட்டு கொம்யூன் ஆபீஸ் பிரெஞ்சுக்காரன் கட்டின கட்டடம். வயசாளிகள் இன்னும் அந்தப் பிரெஞ்சுப் பேரிலேயே 'மேரி' என்றுதான் சொல்வார்கள். உசந்த தூண், உசந்த கதவு, உள்ளே போகிறவன் குட்டையாகத் தெரிய வேண்டும் என்றே கட்டினது. அந்தக் கூடத்தின் நடுவில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி நின்றது. மொத்த ஆபீசும் அதைச் சுற்றி நின்றது.

ஹெட் கிளார்க் தனிஸ்லாஸ் ஒரு சர்க்குலரைப் படித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கின மனுஷன், பிரெஞ்சுக்காரனிடம் நாலு வருஷம் வேலை பார்த்ததை நாற்பது வருஷம் மாதிரி பேசுகிறவர், ஐயா என்பதற்கு இன்னும் 'முசே' என்கிறவர்.

"ஒவ்வொரு கொம்யூன் அலுவலகத்திலும் நன்னீர் மீன் தொட்டி ஒன்று நிறுவப்படல் வேண்டும். அதில் ஒன்றோடொன்று இணங்கி வாழத்தக்க மீன்களைத் தேர்ந்தெடுத்து விடுதல் வேண்டும். பொதுமக்கள் அவற்றைக் கண்டு இணங்கி வாழக் கற்றுக்கொள்வார்கள். சிறந்த தொட்டிக்குக் கேடயம் வழங்கப்படும்."

கேடயம் என்ற சொல் வந்ததும் கமிஷனர் ஆதிமூலம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவர் ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம் இருந்தது. ஆபீஸ் சுவரில் கேடயம் மாட்ட ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார், அது ஆறு வருஷமாகச் சும்மா இருந்தது.

"சாமி, பம்பு வாஷரு..." என்றாள் காசம்மாள்.

"வந்துடுச்சே," என்றான் ஓவர்சீயர் பச்சையப்பன். "போன செவ்வாக்கெழமையே வந்துடுச்சி."

மூணு மாசத்தில் முதல் தடவையாக அவள் கழுத்து தானாகவே நிமிர்ந்தது. "எங்க சாமி?"

பச்சையப்பன் தொட்டிக்குக் கீழே கையைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். தொட்டியின் அடியில் தண்ணி வெளியேற்ற ஒரு குழாய் வைத்திருந்தார்கள். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் பழுப்பாக ஒரு தோல் விளிம்பு தெரிந்தது.

"தொட்டி ஒழுகுச்சிம்மா. எதை எதையோ வெச்சிப் பாத்தேன், நிக்கல. இதை வெச்சேன், அளவெடுத்துத் தெச்ச மாதிரி ஒக்காந்துடுச்சி. ஒரு சொட்டு கீழ வரல, பாரேன்."

"அது எங்க வாஷரு சாமி."

"யாரு இல்லன்றாங்க?" என்றார் கமிஷனர். "உங்க வாஷர்தான். பதினஞ்சு நாள்ல பெரிய அதிகாரி வந்து தொட்டியைத் தொறந்துவெக்கிறாரு. தொறந்து முடிஞ்சதும் இதை அவுத்து உங்க பம்புல போட்டுட்டு, தொட்டிக்கு வேற வாங்கிக்கறோம். ஆனா அதுவரைக்கும் தொட்டி ஒழுங்கா இருக்கணும். மீன் செத்துச்சின்னு வை, விசாரணை வரும். விசாரணையில இருக்கிற தொட்டியில கடவுளே வந்தாலும் கை வெக்க முடியாது. புரியுதா? மீன் நல்லாருந்தா உனக்கு வாஷர்."

அவளுக்குப் புரிந்தது. இனி அந்த மீன்கள் செத்தால் காலனிக்குத் தண்ணி இல்லை.

தனிஸ்லாஸ் மூக்குக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். "நீதானே வாய்க்கால்ல ஊத்தா கூடை போட்டு மீன் புடிக்கிறவ?"

"ஆமாங்க."

"முசே, இவளையே மீனுக்குப் போட்டுடலாம். தண்ணிக்கும் போட்டுடலாம். காலனிப் பொம்பளைங்கதான் தினம் மதகுக்குப் போறாளுங்களே. போற வழிதானே."

போகிற வழி இல்லை. மதகுக்குக் காலனி வடக்கே, ஆபீஸ் தெற்கே. இருந்தாலும் அன்றைக்கே பன்னிரண்டு குடம் தண்ணி சுமந்து தொட்டியில் ஊற்றினார்கள். பம்பில் தண்ணி இல்லாத காலனிப் பெண்கள், அந்தப் பம்புக்கு வந்த வாஷர் ஒழுகாமல் பிடித்துக்கொண்டிருந்த தொட்டியை நிரப்பினார்கள். சின்னபொண்ணு கடைசிக் குடத்தை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "மீனாப் பொறந்திருந்தா இந்நேரம் குளிச்சிருப்பேன்."

இணங்கி வாழும் மீன் தேர்வுக் குழு புதன்கிழமை பதினொன்றரைக்குக் கூடியது. கமிஷனர் தலைவர், தனிஸ்லாஸ் செயலாளர், பச்சையப்பன் தொழில்நுட்ப உறுப்பினர். காசம்மாள் வாசற்படியில் நின்றாள். டீ வந்தது. டீ குடித்து முடித்ததும் கூட்டம் பாதி முடிந்தது என்று எழுதினார்கள்.

டவுனிலிருந்து கமிஷனர் வாங்கிவந்த ஆறு தங்கமீன் ஒரு பிளாஸ்டிக் பையில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. காசம்மாள் கொண்டுவந்த பதினோரு கெண்டைக் குஞ்சும் நாற்பது அயிரையும் மண்சட்டியில் இருந்தன. பித்தளை அண்டாவில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் கிடந்தது. அது மிராசுதார் சிங்காரவேலு வீட்டுக் குளத்து மீன். தொட்டி வருகிறது என்று கேள்விப்பட்டு, தன் வண்டியில், தன் ஆள் மூலமாக, தன் பெயர் எழுதின சீட்டோடு அனுப்பியிருந்தார்.

"சாமி," என்றாள் காசம்மாள், "அந்த விராலு வேணாங்க."

"ஏன்?"

"தின்னுடுங்க."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். மீன் மீனைத் தின்னும் என்ற சேதி அந்த ஆபீசுக்கு அன்றுதான் வந்தது போலிருந்தது.

"எதை வெச்சிச் சொல்ற?" என்றார் தனிஸ்லாஸ்.

"வாயை வெச்சித்தாங்க. மீனை ஒண்ணா வுடறதுன்னா வேற கணக்கே இல்லீங்க. எது வாயில எது பூரும்னு பாக்கணும். பூந்துச்சின்னா போச்சி. பூரலன்னா பொழைக்கும். ஒரே அளவு வாயா பாத்து வுடுங்க."

தனிஸ்லாஸ் குறிப்பேட்டில் எழுதினார்: 'வாய் குறித்து விவாதிக்கப்பட்டது.'

கமிஷனர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்தாம்மா, நீ அனுபவத்துல சொல்ற. நாங்க நிர்வாகத்துல சொல்றோம். ஒரு எடத்துல நாலு சின்னது இருந்தா அதுக்கு மேல ஒரு பெரியது இருக்கணும். இல்லன்னா ஒழுங்கு இருக்காது. இந்த ஆபீசையே எடுத்துக்கோ. நான் இருக்கேன். எனக்குக் கீழ இவங்க இருக்காங்க. நான் இவங்களைத் தின்னுட்டேனா?"

தனிஸ்லாஸ் இரண்டு வருஷ இன்க்ரிமென்ட் வராததை நினைத்துக்கொண்டார். பச்சையப்பன் சுவரைப் பார்த்தான்.

"அதோட," என்றார் கமிஷனர், "மிராசு வூட்டு மீனை வேணாம்னு திருப்பி அனுப்பறதா? தனியா ஒரு சட்டியில வெக்கறதா? அவரைத் தனியா ஒக்கார வெச்ச மாதிரி ஆயிடாது?"

தனிஸ்லாஸுக்கு வேறு கவலை. குரலைத் தாழ்த்தினார், வாசற்படிவரைக்கும் கேட்கிற மாதிரித் தாழ்த்தினார். "அது சரி முசே. மிராசு வூட்டு மீன் இருக்கிற தண்ணியில காலனி வாய்க்கால் மீனை வுடறது... அவரு காதுக்குப் போனா இன்னா நெனப்பாரு?"

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வைக்கலாமா என்று பேசினார்கள். பச்சையப்பன் அளவு நாடாவை எடுத்துவந்து அளந்தான். கடைசியில் கமிஷனர் சர்க்குலரை மறுபடி படித்தார். 'இணங்கி வாழ' என்று தெளிவாகப் போட்டிருந்தது. தடுப்பு வைத்தால் கேடயம் போய்விடும். ஆகவே ஒரே தண்ணி என்று முடிவானது.

விராலுக்கு அந்த யோசனை எல்லாம் இல்லை. அது மேல் கீழ் பார்க்கவில்லை, எல்லாரையும் ஒன்றாகத்தான் நினைத்தது.

முதலில் அண்டாவில் வைத்து ஒரு சோதனை நடந்தது. எல்லா மீனையும் ஒன்றாக விட்டு, அரைமணி நேரம் தனிஸ்லாஸ் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தார். வண்டியில் குலுங்கி வந்த விரால் அடியில் அசையாமல் கிடந்தது. 'சண்டை இல்லை. விரால் மிகப் பெருந்தன்மையுடன் நடந்துகொண்டது' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பயந்து கெடக்குதுங்க," என்றாள் காசம்மாள். "பசிச்சாத்தாங்க தெரியும்."

"ஏம்மா, உனக்கு வாஷர் வேணுமா வேணாமா?" என்றான் பச்சையப்பன்.

அவள் வாசற்படிக்குத் திரும்பினாள். எல்லா மீனையும் தொட்டியில் விட்டார்கள்.

மறுநாள் காலை நாற்பது அயிரையில் ஒன்றும் இல்லை.

ஆபீஸில் ஏற்கெனவே மீன்களுக்கு ஒரு வருகைப் பதிவேடு போட்டாகிவிட்டது. பத்தேகால் மணிக்கு ஆஜர் எடுப்பார்கள். அங்கே மனுஷர்களுக்கு இருந்த பதிவேட்டைவிட அது ஒழுங்காக இருந்தது. தனிஸ்லாஸ் தொட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினார்: 'அயிரை நாற்பது. மணலுக்குள் ஓய்வெடுக்கின்றன.'

அடுத்த இரண்டு நாளில் கெண்டைக் குஞ்சு பதினொன்று நாலானது, நாலு ஒன்றானது. 'கெண்டை பத்து. தகவல் இன்றி வரவில்லை.' கடைசிக் கெண்டை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதற்கு எதிரில், 'தனிமை விரும்புகிறது' என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. திங்கட்கிழமை கமிஷனர் வந்து பார்த்தபோது விராலின் வாயிலிருந்து சிவப்பாக, பட்டுத் துணி முனை மாதிரி ஒரு வால் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. அவர் காசில் வாங்கின தங்கமீன்.

"தனிஸ்லாஸ், இது இன்னாய்யா?"

தனிஸ்லாஸ் கிட்டே போய்ப் பார்த்தார். மிராசு வீட்டு மீனைப் பற்றி எழுத்தில் ஒன்றும் சொல்லிவிட முடியாது. யோசித்து எழுதினார்: 'தங்கமீன் எண் நான்கு, விராலுடன் மிக நெருக்கமாக இருக்கிறது.'

கமிஷனர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

குறைந்த மீனுக்கு யாராவது பொறுப்பு ஆக வேண்டும் இல்லையா? காசம்மாளுக்கு மெமோ வந்தது. தபால்காரர் காலனிக்கு வந்து வருஷக்கணக்காகியிருந்தது. அவர் கையில் பழுப்புக் கவரைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. யாரோ செத்த தந்தி என்று நினைத்து ஒருத்தி அழவே ஆரம்பித்தாள். எட்டாவது படித்த மருமகள் ஒருத்தி படித்தாள்: 'தாங்கள் வழங்கிய மீன்கள் இணங்கி வாழும் மனப்பான்மை இன்றிக் காணாமற்போயுள்ளன. அவை மற்ற மீன்களைத் தூண்டிவிட்டனவா என்பதற்கு விளக்கம் தேவை.'

"அயிரை போயி விராலைத் தூண்டிச்சாமா," என்றாள் சின்னபொண்ணு. "'என்னைத் தின்னு தின்னு'ன்னு நின்னுதாமா."

காசம்மாள் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் ஏரி மதகுக்குக் கீழே இடுப்பளவு தண்ணியில் இறங்கினாள். கழுத்து வலியோடு ரெண்டு மணி நேரம் துழாவி, ஒரு கெளுத்தியைப் பிடித்தாள். முழங்கையளவு, விராலுக்குச் சோடி. ரெண்டு பக்கமும் முள் கடப்பாரை மாதிரி நின்றது. பிடிக்கும்போதே அவள் கையைக் கிழித்துவிட்டது. இதை எந்த விராலும் விழுங்க முடியாது. இது எந்த விராலையும் தின்னாது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டாலும் ஒன்றையொன்று விட்டுவைக்கும். விழாவுக்கு இன்னும் ஆறு நாள். ரெண்டு மீனாவது உயிரோடு நிற்கும், வாஷர் வரும். ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுநாள் காலை சட்டியோடு போய் நின்றாள்.

"சாமி, இதை வுடுங்க. இதான் அதுக்கு ஏத்த துணை."

கமிஷனர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்வாங்கினார். "இன்னாது இது, மீசை?"

"கெளுத்திங்க. மீசை இருக்கும்."

"பெரிய மீசையா இருக்கே."

தனிஸ்லாஸ் பார்த்தார். பச்சையப்பன் பார்த்தான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு வந்தது. மிராசுதார் சிங்காரவேலுவின் மீசை அந்த வட்டாரத்தில் செலியமேடு வரைக்கும் பேர் போனது.

"வேணாம்," என்றார் தனிஸ்லாஸ். "அவரு விழாவுக்கு வருவாரு. முன் வரிசையில ஒக்காருவாரு. எதிர்ல தொட்டி. தொட்டியில மீசையோட ஒண்ணு நீந்துது. யாராவது ஒருத்தன் சிரிச்சான்னா போதும்."

"சாமி, இதுதாங்க அது வாயில பூராத மீனு..."

"எடுத்துட்டுப் போ," என்றார் கமிஷனர். "உன் வேலை மீன் குடுக்கிறது. பொருத்தம் பாக்கிறது எங்க வேலை."

பொருத்தம் பார்த்தார்கள். அழகாக இருக்க வேண்டும், அமைதியாக இருக்க வேண்டும், யாருக்கும் மனவருத்தம் தராததாக இருக்க வேண்டும் என்று மூன்று தகுதி வைத்து, இன்னும் இருபது கெண்டைக் குஞ்சு கேட்டார்கள். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குஞ்சுகள் சட்டியிலிருந்து சரிந்து தொட்டியில் விழும்போது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள், கழுத்து திரும்பின அளவுக்கு. கெளுத்தியைக் காலனியில் குழம்பு வைத்தார்கள். நாலு வூட்டுக்குப் பங்கு வந்தது. அந்தத் தொட்டிக்கென்று பிடித்த மீனில் மனுஷனுக்குப் பிரயோசனப்பட்டது அது ஒன்றுதான்.

விழாவன்று பெரிய அதிகாரி பத்து மணிக்கு வருவதாக இருந்து ஒன்றே காலுக்கு வந்தார். காலனிப் பெண்கள் காலையிலேயே பன்னிரண்டு குடம் புதுத் தண்ணி ஊற்றிவிட்டு, வெயிலில் பந்தலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மிராசுதார் முன் வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொட்டியை மூடியிருந்த பட்டுத் துணியை அதிகாரி இழுத்தார்.

உள்ளே விரால் இருந்தது. விரால் மட்டும் இருந்தது. வந்தபோது இருந்ததைவிட ஒரு பங்கு பருத்து, வயிறு கண்ணாடியில் உரச, ரொம்ப நிதானமாக ஒரு வட்டம் அடித்தது. கடைசித் தங்கமீனின் செதில் ஒன்று தண்ணியில் மினுக்கிக்கொண்டு இறங்கியது.

காசம்மாள் வெளியிலிருந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். விசாரணை, தொட்டியில் கை வைக்க முடியாது, வாஷர் போச்சு என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

அதிகாரி தொட்டியை நாலு நிமிஷம் பார்த்தார். மீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. போன மாசம்வரை சாராயத் துறையில் இருந்தவர். ஆனால் பேச்சு எழுதிக்கொண்டு வந்திருந்தார், அதைப் படித்தே ஆக வேண்டும்.

"இதுவரை பதினோரு தொட்டி பார்த்துவிட்டேன்," என்றார் மைக்கில். "எல்லா இடத்திலும் ஒரு மீன் இன்னொரு மீனைத் துரத்துகிறது. கடிக்கிறது. சில இடத்தில் செத்துக்கூட மிதக்கிறது. இங்கே மட்டும்தான் துளி சண்டை இல்லை. ஒரு பூசல் இல்லை, ஒரு புகார் இல்லை, கருத்து வேறுபாடே இல்லை. நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும். எங்கள் துறையிலும் இந்த நிலையைக் கொண்டுவரத்தான் நாங்கள் பாடுபடுகிறோம்."

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டினவர் தனிஸ்லாஸ். கேடயம் கமிஷனர் கைக்கு வந்தது. மிராசுதாருக்கு ஒரு சந்தன மாலை. ஆறு வருஷமாகக் காத்திருந்த ஆணிக்கு அன்று மத்தியானமே வேலை கிடைத்தது.

கூட்டம் கலைந்ததும் காசம்மாள் கமிஷனர் அறை வாசலுக்குப் போனாள்.

"சாமி, தொறந்துட்டாங்க. வாஷரு..."

கமிஷனருக்கு அவ்வளவு சந்தோஷம், அவளை உட்காரச் சொல்லிவிடுவார் போலிருந்தது. சொல்லவில்லை. "அம்மா, இனிமே இது சாதாரணத் தொட்டி இல்ல. கேடயத் தொட்டி. இருக்கிறது இருக்கிறபடியே நிரந்தரமா வெச்சிக்கணும்னு அவரு வாயாலயே உத்தரவு போட்டுட்டுப் போறாரு. ஒரு ஸ்க்ரூகூட மாத்தக் கூடாது. மத்த கொம்யூன்லேர்ந்து பாக்க வரப் போறாங்க."

"அப்ப பம்பு?"

"மனு இருக்கில்ல? அதுக்குப் பதில் வரும்."

ஆடி மாசம் பதில் வந்தது. இந்தத் தடவையும் தபால்காரர்தான் கொண்டுவந்தார். மருமகள்தான் படித்தாள். தெரு நின்று கேட்டது.

'மனுதாரர் குறிப்பிட்ட தோல் வாஷரை ஓவர்சீயர் நேரில் ஆய்வு செய்தார். மேற்படி வாஷர் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் மிக நல்ல நிலையில் வேலை செய்துவருவதாக அறிக்கை தந்துள்ளார். ஆகவே மனு முடித்துவைக்கப்பட்டது.'

"பொய் இல்லக்கா," என்றாள் சின்னபொண்ணு. "ஒழுகலதான்."

காசம்மாள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். சும்மாட்டுத் துணிக்குள் வைத்துச் சுருட்டினாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், மதகுப் பக்கம் நடந்தாள்.

கமிஷனர் ரிட்டயர் ஆகிவிட்டார். அவருக்குப் பின் இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். விராலுக்கு வாரம் ஒருதரம் மாட்டுக் கல்லீரல் வருகிறது, நல்ல தண்ணியும் வருகிறது. மடுவப்பட்டு கொம்யூன் ஆபீஸ் அந்தக் காலனிக்கு ஒரு தோல் வாஷர் தர வேண்டும். இன்னும் தரவில்லை.